ஒரு சொல்லைத் திருத்தப் போய் நானூறு வரி மாறிவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பைதான் ஓரளவு வரும். கிட் (நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) என்றால் இன்னும் கொஞ்சம் பயம்தான். கட்டற்ற மென்பொருள் ஏதாவது ஒன்றுக்குப் பங்களிக்க வேண்டும் என்று இரண்டு மாதமாக முயல்கிறேன்.

போன வாரம் கிட்ஹப் தளத்தில் ஒரு சிறிய திட்டத்தை ஃபோர்க் செய்து (எனக்கென ஒரு நகல் எடுத்து), ஆவணத்தில் இருந்த ஒரே ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பினேன். சேமிக்கும்போது என் எடிட்டர் கோப்பு முழுவதையும் தன் இஷ்டத்துக்கு ஒழுங்குபடுத்திவிட்டது. ஒரு சொல்லுக்கு நானூறு வரி மாற்றம்! அதைப் பராமரிப்பவர் பொறுமையாகத்தான் பதில் எழுதினார்: தேவையில்லாத மாற்றங்களை நீக்கிவிட்டு, தனிக் கிளையில் (மாற்றங்களைத் தனியாக வைக்கும் பிரிவில்) அனுப்பச் சொல்கிறார். நானோ மெயின் கிளையிலேயே கமிட் செய்து (மாற்றத்தைப் பதிந்து) வைத்திருக்கிறேன். இதை எப்படிப் பிரிப்பது? பழைய புல் ரிக்வெஸ்டை (மாற்றத்தை ஏற்கக் கேட்டு அனுப்பிய கோரிக்கையை) மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறந்தால் தப்பாக நினைப்பார்களா?

அப்புறம், 'குட் ஃபர்ஸ்ட் இஷ்யூ' (புதியவர்களுக்கு ஏற்ற எளிய வேலை) என்று குறியிட்டவற்றைத் தேடினால், பலவற்றில் யாரோ 'நான் செய்கிறேன்' என்று எழுதிவிட்டு மாதக்கணக்கில் காணாமல் போயிருக்கிறார்கள். அவரிடம் கேட்டுவிட்டு எடுக்க வேண்டுமா, நேராகச் செய்து அனுப்பலாமா?

லிப்ரே ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலக மென்பொருளின் 'ஈசி ஹேக்ஸ்' (புதியவர்களுக்கான எளிய வேலைகள்) பட்டியலையும் பார்த்தேன். பெரும்பாலும் சி பிளஸ் பிளஸ். கம்பைல் செய்வதற்குள் என் 8 ஜிபி மடிக்கணினிக்கு மூச்சு வாங்கிவிடும். மாற்றங்களைக் கெரிட் என்ற நிரல் சரிபார்ப்புத் தளம் வழியாக அனுப்ப வேண்டும். கிட்ஹப்புக்கே இந்தப் பாடு! ஆனால் லிப்ரே ஆபிஸின் மொழிபெயர்ப்பு வெப்லேட் என்ற இணைய மொழிபெயர்ப்புக் கருவியில் நடக்கிறது, உலாவி இருந்தால் போதும். அங்கே தமிழில் தொடங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? ஏற்கெனவே உள்ள சொல்லை மாற்றப் பரிந்துரைத்தால் யார் பார்த்து ஏற்பார்கள்?