புதுப்பிப்பு: கட்டுப்படியாகும் வாடகை வீடு, அட்வான்ஸுக்கு முன் பார்க்க வேண்டியவை

வாடகையோடு பராமரிப்பு, தண்ணீர், மின்சாரம், போக்குவரத்து எல்லாவற்றையும் கூட்டித்தான் வீடுகளை ஒப்பிட வேண்டும் என்று முன்பு எழுதியிருந்தேன். தரகையும் அதில் சேருங்கள். ஒரு மாத வாடகையைத் தரகாகக் கொடுத்து ஒரே வருடத்தில் காலி செய்தால், மாத வாடகையே 8 சதவீதத்துக்கு மேல் கூடியதுபோல் ஆகிவிடும். இரண்டு வருடம் இருந்தால் அதில் பாதிதான்.

வீட்டை எப்படிச் சோதிப்பது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். முதலில் மின்மீட்டர். மெயினை அணைக்காமல் விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுப் பாருங்கள். மின்சாரம் ஓடுவதைக் காட்ட மீட்டரில் மினுக்கும் சிறு விளக்கு அப்போதும் மினுக்கினால், மாடிப்படி விளக்கோ பொது மோட்டாரோ உங்கள் கணக்கில் ஓடலாம். அல்லது வயரிங்கில் மின்கசிவு இருக்கலாம். சுவரில் இடுப்பளவுக்கு மட்டும் புது பெயின்ட் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். ஈரத்தை மறைக்கும் பழைய வித்தை அது. குளியலறையை ஒட்டிய அலமாரியைத் திறந்து முகர்ந்தாலே குட்டு வெளிப்பட்டுவிடும்.

அட்வான்ஸ் எத்தனை நாளில், என்னென்ன பிடித்தம் போகத் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள். ‘பெயின்ட் செலவு’ என்று தொகை இல்லாமல் எழுதியிருந்தால் காலி செய்யும்போது தகராறுதான். சாவி வாங்கும் அன்றே மீட்டர் அளவையும் சுவர்க் கீறல்களையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.