டிராக் (drag) ஓட்டத்துக்கு எந்தக் கார்: கையில் இருக்கும் ஸ்விஃப்ட்டா, ஜோகூரில் ஒரு பழைய சிவிக்கா?

ஈசூன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். ஆறு மாதமாக இந்தக் கேள்வி மண்டையைக் குடைகிறது. நான் ஓட்டுவது 2010-இல் பதிவான சுசுகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட், 1.6 லிட்டர், மேனுவல். 2020-இல் சிஓஇயை, அதாவது சிங்கப்பூரில் கார் வைத்திருக்க வாங்கும் உரிமைச் சான்றிதழை, பத்து ஆண்டுக்கு நீட்டித்தேன். வேலைக்குப் போவதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் இதில்தான். மலேசியாவில் செப்பாங் பந்தயத் தடத்தில் டிராக் ஓட்டம், அதாவது நேர்கோட்டில் இரண்டு கார் ஓடும் போட்டி, பார்த்துவிட்டு வந்ததிலிருந்து, நானும் ஒருமுறை கிளம்பச் சொல்லும் அந்த விளக்கு மரத்துக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசை. கோப்பை வேண்டாம். கால் மைல், அதாவது 402 மீட்டரை, ஒழுங்காக ஓட்டப் பழகினால் போதும்.

ஜோகூர் பாருவில் இருக்கும் என் மச்சான், பழைய ஹோண்டா சிவிக், இஜி மாடல், ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கித் தன் வீட்டிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்கிறான். எதைச் செய்ய? செலவு கையைக் கடிக்கக் கூடாது, கார் பாதி வழியில் நிற்கவும் கூடாது.

காக்கிபுக்கிட்72:
தம்பி, சிவிக்கை வாங்குங்கள். யோசிக்கவே வேண்டாம். எடை ஒரு டன்னை ஒட்டித்தான் இருக்கும். பி16ஏ இன்ஜின் இருந்தால் 1.6 லிட்டரிலேயே 160 குதிரைத்திறன். ஏதாவது உடைந்தால் ஜோகூர் ஹாஃப்கட் கடைகளில், அதான் பழைய கார்களை வெட்டிப் பாகம் விற்கும் கடைகளில், தேடி எடுத்துவிடலாம். அன்றாடம் ஓட்டும் காரை டிராக்கில் விடுவது, சோறு பொங்கும் பானையில் தார் காய்ச்சுவது மாதிரி. ஞாயிறு இரவு கிளட்ச் கருகினால் திங்கள் காலை பிள்ளையை எதில் பள்ளிக்கு அனுப்புவீர்கள்?

பொங்கோல்அக்கா:
அண்ணே சொல்வதை நான் ஏற்கவில்லை. நானும் இதே ஸ்விஃப்ட்டைத்தான் ஓட்டுகிறேன். மூன்று முறை செப்பாங் போய் வந்திருக்கிறேன், மூன்று முறையும் அதே காரில் வீட்டுக்குத் திரும்பினேன்.

இஜி சிவிக் வந்தது 1991 முதல் 1995 வரை. அதில் ஆக இளைய காருக்கே இப்போது 30 வயது. அதன் இன்ஜினில் வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைப்பது டைமிங் பெல்ட், ஒரு ரப்பர் பட்டை. கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று விற்பவருக்கே தெரியாது. நிமிடத்துக்கு 8,000 சுற்றில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், இன்ஜின் அதோடு போச்சு. ஸ்விஃப்ட்டின் எம்16ஏ இன்ஜினில் பெல்ட்டுக்குப் பதில் செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் அது பாட்டுக்கு ஓடும்.

கடந்த முறை கால் மைலுக்கு என் நேரம் 16.3, 16.4, 16.3 விநாடி. வேகம் குறைவுதான். ஆனால் டயல்-இன் ஓட்டத்தில் நம் நேரத்தை நாமே முன்கூட்டி எழுதிக் கொடுக்கிறோம். மெதுவான காருக்கு முதலில் பச்சை விளக்கு எரியும். எழுதியதைவிட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. அங்கே தேவை, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடும் கார்.

இரவுத்தடம்:
16 விநாடி ஓடுவதற்கு எதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டும்? ஸ்விஃப்ட்டில் ஒரு டர்போ போடுங்கள். பழகுவதற்குத் துவாஸ் தொழிற்பேட்டைப் பக்கம் இரவில் சாலை காலியாகத்தானே கிடக்கிறது.

காக்கிபுக்கிட்72:
அந்தப் பேச்சே இங்கே வேண்டாம். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டினால் சிறை, உரிமம் பறிபோகும், காரையே அரசு எடுத்துக்கொள்ளலாம். அதைவிட, அந்த நேரத்தில் ஷிஃப்ட் முடிந்து சைக்கிளில் விடுதிக்குத் திரும்பும் ஊழியர்கள் இருப்பார்கள். அவர்களை நினைத்துப் பாருங்கள். டர்போ போட நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும், அதுவும் தெரிந்துகொள்ளுங்கள். 1961 முதல் 1973 வரை அப்பர் தாம்சன் சாலையில் கிராண்ட் பிரீ நடந்த ஊர் இது. இன்று நாம் பழக நிரந்தரமாக ஒரு தடம்கூட இல்லை, சாங்கியில் பந்தயத் தடம் கட்டும் திட்டமும் நின்றுபோனது. அந்த வருத்தம் எனக்கும் உண்டு. அதற்காகத் தெருவில் இறங்க முடியாது.

இரவுத்தடம்:
சரிண்ணே, தப்புதான். துவாஸ் பேச்சை விட்டுவிடுகிறேன்.

காக்கிபுக்கிட்72:
அக்காவுக்கு என் பதில். பெல்ட் விஷயம் உண்மை. வாங்கிய மறுநாளே பெல்ட்டும் வாட்டர் பம்பும் மாற்ற வேண்டும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் டிராக்கில் முதலில் போவது இன்ஜின் இல்லை. டிரைவ் ஷாஃப்ட், சக்கரத்தைச் சுழற்றும் தண்டு.

பல ஆண்டுக்கு முன் என்னிடம் ஒரு பழைய ஹேட்ச்பேக் இருந்தது. பச்சை விழுந்ததும் கிளட்ச்சை விட்டேன். முன் சக்கரம் பிடித்தது, வழுக்கியது, மறுபடி பிடித்தது. டாஷ்போர்டு முழுக்கத் தவளை துள்ளுவது போல் நடுங்கியது. ஒரு விநாடிகூட ஆகியிருக்காது, 'டக்'கென்று ஒரு சத்தம். இன்ஜின் உறுமுகிறது, கார் நகரவில்லை. இறங்கிப் பார்த்தால் சக்கரத்துக்குப் பின்னால் ரப்பர் பூட் கிழிந்து, தரையெல்லாம் கருப்பு கிரீஸ். அன்று செப்பாங்கிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். அந்தக் கூலியில் வேறு ஷாஃப்ட் நாலு வாங்கியிருக்கலாம். உங்கள் அன்றாடக் கார் அப்படி நின்றால்? அதுதான் என் பயம்.

பொங்கோல்அக்கா:
அந்தத் துள்ளல் எதனால் வருகிறது என்று உங்களுக்கே தெரியுமேண்ணே. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் இறுகி வெடித்திருக்கும், கீழே சஸ்பென்ஷன் ஆர்மில் இருக்கும் ரப்பர் புஷ் தளர்ந்திருக்கும். 30 வயதுக் காரில் அதெல்லாம் எந்த நிலையில் இருக்கும்? ஸ்விஃப்ட்டில் நான் செய்த முதல் வேலையே மவுண்டிங் மாற்றியதுதான். துள்ளினால் உடனே காலை எடுத்துவிடுவேன், அந்த ஓட்டம் போனால் போகட்டும். 3,000 சுற்றில் கிளட்ச்சை மெல்ல விட்டால் முதல் 60 அடி நிதானமாகத்தான் போகும், ஆனால் ஷாஃப்ட் பிழைக்கும்.

இன்னொன்று, முன்சக்கரக் காரில் கிளம்பும்போது எடை பின்னால் சாய்கிறது, முன் டயர் பிடியை இழக்கிறது. அங்கே 160 குதிரைத்திறன் இருந்தும் புதிதாக ஓட்டுபவர் புகைதான் கிளப்புவார். 125 குதிரைத்திறனில் பழகிவிட்டுப் போகட்டும்.

ஈசூன்காரன்:
இரண்டு பேரும் சொல்வது சரி மாதிரிதான் இருக்கிறது. எனக்கு இருக்கும் ஒரே பயம் சிஓஇ. நீட்டிக்க முப்பதாயிரம் வெள்ளிக்கு மேல் கட்டியிருக்கிறேன். கார் உடைந்தால் அந்தப் பணமும் போய்விடுமே?

பொங்கோல்அக்கா:
போகாது தம்பி. இன்ஜினே போனாலும், பதிவை ரத்து செய்யும்போது மிச்சமிருக்கும் காலத்துக்கான சிஓஇ தொகை கணக்குப் பார்த்துத் திரும்ப வரும். உங்கள் காரின் மதிப்பில் பெரும்பங்கு அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. பந்தயத்தில் இடித்தால் காப்புறுதி பைசா தராது, அந்த ஆபத்து மட்டும் உங்களுடையது. சிவிக் யார் பெயரில் இருக்கும் என்று கேட்டீர்களா? மச்சான் பெயரில். சாலை வரி, காப்புறுதி, நாளை ஒரு விபத்து என்றால் பதில் சொல்வது, எல்லாம் அவர் தலையில். மலேசியப் பதிவு காரை நீங்கள் சிங்கப்பூருக்குள் ஓட்டி வரவும் முடியாது. ஒரு நட்டு முடுக்க வேண்டுமானாலும் உட்லண்ட்ஸ் எல்லையைத் தாண்ட வேண்டும்.

காக்கிபுக்கிட்72:
மச்சான் பெயர் விஷயத்தை நான் யோசிக்கவில்லை. உறவுக்குள் அந்தச் சுமை நல்லதில்லை, ஒப்புக்கொள்கிறேன். மற்றபடி ஒரு சீசன் கழித்து நீங்களே தனிக் கார் தேடுவீர்கள் என்பதுதான் இப்போதும் என் எண்ணம்.

ஈசூன்காரன்:
அப்படியானால் முதல் முறை ஸ்விஃப்ட்டிலேயே போகிறேன். மவுண்டிங், ஆயில், கூளண்ட் மூன்றையும் முன்னாலேயே பார்த்துவிடுகிறேன். டயர்?

பொங்கோல்அக்கா:
சாதாரண டயரே போதும். கோட்டுக்கு முன்னால் தண்ணீர் தேங்கியிருக்கும் இடம் ஒன்று உண்டு, அது ஸ்லிக், அதாவது பள்ளமில்லாத பந்தய டயர், போட்டவர்கள் டயரைச் சூடாக்க. நீங்கள் சுற்றிக்கொண்டு போங்கள். நம் டயரின் பள்ளத்தில் ஏறும் தண்ணீர் கோடு வரை வந்து வழுக்கும். விளக்கு அரை விநாடிக்கு ஒன்றாக மூன்று மஞ்சள், அப்புறம் பச்சை. மூன்றாவது மஞ்சளிலேயே கிளட்ச்சை விடப் பழகுங்கள், பச்சைக்குக் காத்திருந்தால் தாமதம்.

பெட்ரோலுக்கும் கவலை வேண்டாம். சிங்கப்பூர்ச் சோதனைச்சாவடியில் கட்டாயமான முக்கால் தொட்டியைக் காட்டித்தானே கிளம்புவீர்கள், செப்பாங் போய்ச் சேரும்போது கால் தொட்டி அளவுக்கு இறங்கியிருக்கும். ஓட்டத்துக்கு அந்த எடைதான் வேண்டும். மலேசியாவுக்குள் நுழைய வேண்டிய விஇபி அனுமதி ஒட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காக்கிபுக்கிட்72:
சனிக்கிழமை மதியம் வண்டியைக் கொண்டு வாருங்கள் தம்பி, ஜாக்கியில் தூக்கி ஷாஃப்ட் பூட்டையும் பார்த்துவிடலாம். இடது பக்கத்துக்கு ஒரு பழைய ஷாஃப்ட் என்னிடம் கிடக்கிறது. டிக்கியில் போட்டுக்கொண்டு போங்கள்.