வீட்டுக்கு வந்த தொதல் இனிப்பை ஒளித்து வைத்தது சரியா?

மண்டபம் அம்மா:
என் மகனுக்கு 9 வயது. பள்ளி விட்டதும் பெட்டிக்கடையில் சிப்ஸ் பாக்கெட் வாங்கித் தின்றுவிட்டு, ராத்திரி சோற்றைத் தொடமாட்டேன் என்கிறான். போன மாதம் முதல் பாக்கெட், மிட்டாய், கேக் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். நேற்று கீழக்கரைக்குப் போய் வந்த நாத்தனார் ஒரு கிலோ தொதல் வாங்கி வந்தார். அதையும் பிள்ளை கண்ணில் காட்டவில்லை. மாமியாருக்கு என் மேல் வருத்தம். நான் செய்தது சரிதானே?

தேவிபட்டினத்தான்:
சரிதான் அக்கா. என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் சர்க்கரை நோய். "ஒரு துண்டுதானே" என்று சொல்லிச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் நாக்கு பழகியது. ஒருநாள் கல்யாண வீடு, மறுநாள் விருந்தாளி, அப்புறம் திருவிழா. நிறுத்தினால் முழுசாக நிறுத்துங்கள்.

கீழக்கரைக் காக்கா (அண்ணன்):
தொதலைப் போய் சிப்ஸோடு சேர்ப்பதா? அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி. எண்ணெய் பிரிந்து சட்டியில் ஒட்டாமல் வரும்வரை கை கடுக்கக் கிண்டுவார்கள். மைதாவும் கிடையாது, சாயமும் கிடையாது. கருப்பட்டி உடம்புக்கு நல்லது, தினமும் கொடுங்கள்.

தங்கச்சிமடம் டீச்சர்:
காக்கா, தொதல் எனக்கும் உயிர். ஆனால் தினமும் என்பதை ஏற்க முடியாது. கருப்பட்டியிலும் பெரும்பங்கு சர்க்கரைதான். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கில், பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது. அதாவது ஐந்தாறு டீஸ்பூன். வெள்ளைச் சீனி, கருப்பட்டி, தேன் மூன்றும் அந்தக் கணக்கில் வரும். தொதல் பண்டிகைப் பண்டம், அப்படியே இருக்கட்டும். அதற்கு மருந்து என்று பேர் வைக்க வேண்டாம்.

தேவிபட்டினத்துத் தம்பிக்கும் ஒன்று சொல்கிறேன். என் மகளுக்கு ஆறு மாதம் இனிப்பே கொடுக்காமல் இருந்தேன். ஒருநாள் நாற்காலி போட்டு ஏறி, பரணில் இருந்த சீனி டப்பாவை எடுத்து நின்றபடியே அள்ளித் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்த பயம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அன்றோடு பூட்டுவதை விட்டேன்.

மண்டபம் அக்கா, பையன் நாலு மணிக்குப் பசியோடு வருகிறான். அந்தப் பசிக்கு வீட்டில் என்ன இருக்கிறது? அதுதான் முதல் கேள்வி. பாசிப்பயறு சுண்டல், அவித்த வேர்க்கடலை, சீனிக்கிழங்கு, ஏதாவது ஒன்று தயாராக இருக்கட்டும். நம் ஊரில் மார்கழி, தையில் பனங்கிழங்கு கிடைக்கிறது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரிக்கக் கொடுத்துவிட்டால் அரை மணி நேரம் உட்கார்ந்து மெல்லுவான். நல்ல நார்ச்சத்து, வயிறும் நிறையும். சித்திரை வந்தால் நுங்கு.

தேவிபட்டினத்தான்:
சுண்டல், கிழங்கு எல்லாம் சரி டீச்சர். தொதலை எப்போதாவது கொடுக்கலாம் என்றால் எத்தனை நாள்? அதைச் சொல்லாமல் விடுவதில்தான் எங்கள் வீடு கெட்டது.

தங்கச்சிமடம் டீச்சர்:
நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மட்டும். தீப்பெட்டி அளவு ஒரு துண்டு. டிவி முன்னால் இல்லை, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து. ஒரு கிலோ வந்தால் அன்றைக்கே அக்கம்பக்கத்துக்குப் பங்கு போய்விடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும்.

கீழக்கரைக் காக்கா:
தினமும் என்றதை விட்டுவிடுகிறேன். ஆனால் உறவுக்காரர் ஆசையாக வாங்கி வந்ததை ஒளித்து வைக்காதீர்கள் தங்கச்சி. கொடுத்தவர் மனசும் இருக்கிறது.

தேவிபட்டினத்தான்:
எனக்கு இன்னும் மனசு ஒப்பவில்லை. அப்பாவின் கால் புண்ணுக்குத் தினமும் கட்டு மாற்றுகிறவன் நான்.

மண்டபம் அம்மா:
தம்பி, அப்பாவைப் பார்த்துக்கொள்ளுங்கள். தொதலை வெளியே எடுத்துவிட்டேன். மாமியாரே வெட்டி அவனுக்கு ஒரு துண்டு கொடுத்தார், நாலு வீட்டுக்கும் அனுப்பினார். பெட்டிக்கடை பாக்கெட்டில் மட்டும் நான் இறங்கி வரப்போவதில்லை. நாளைக்குக் கடலை அவிக்கிறேன்.