சுரைக்குடுக்கையில் குருவிக்கூடு: பூஞ்சை பிடித்த காயை என்ன செய்வது?

கேள்வி:
வணக்கம். மாடிப் பந்தலில் காய்த்த குண்டுச் சுரைக்காயில் மூன்றைக் கறிக்குப் பறிக்காமல் முற்ற விட்டோம். அதில் சிட்டுக்குருவிக்குக் கூடு செய்ய வேண்டும் என்பது என் மகளின் ஆசை. போன மாதம் பறித்துப் பரண் மேல் வைத்தேன். இப்போது ஒன்றில் கருப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறது. எறிந்துவிடவா? வாசல் எவ்வளவு பெரிதாக வெட்ட வேண்டும்?

பதில்:
எறிந்துவிடாதீர்கள் அம்மா. காயும்போது பூஞ்சை வருவது வழக்கம்தான், உள்ளே உள்ள ஈரமெல்லாம் ஓட்டின் வழியாகத்தானே வெளியேற வேண்டும். விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நல்ல காய். மெத்தென்று அமுங்கினால் அதை மட்டும் உரக்குழியில் போடுங்கள். பரணில் காற்று ஓடாது. காம்பில் கயிறு கட்டி, ஒன்றோடொன்று உரசாமல் நிழலில் தொங்கவிடுங்கள். ஆட்டினால் விதை கலகலவென்று உருள வேண்டும், அதுதான் பதம். சின்னக் காய்க்கு இரண்டு மூன்று மாதம், பெரிய காய்க்கு ஆறு மாதம்கூட ஆகும். நான் முதல் தடவை பொறுக்காமல் ஒன்றரை மாதத்தில் துளை போட்டேன். ஒரே வாரத்தில் ஓடு சுருங்கி ஒரு பக்கம் உள்வாங்கிவிட்டது.

காய்ந்ததும் தண்ணீரில் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள், மேல்தோல் பூஞ்சையோடு உரிந்து வரும். வெட்டும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது. மகளைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வாசல் 32 மில்லிமீட்டர். பத்து ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 27. அதை வைத்து, சுற்றிலும் இரண்டரை மில்லிமீட்டர் கூட்டி வரைந்தால் சரியாக வரும். இதைவிடப் பெரிதாக்கினால் மைனா புகுந்துவிடும். வாசலுக்குக் கீழே குச்சி செருக வேண்டாம். குருவிக்கு அது தேவையில்லை, காக்கைக்குத்தான் உட்கார வசதி. அடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஐந்தாறு துளை போட மறக்காதீர்கள். நான் மறந்த வருடம் மழைச்சாரல் உள்ளே தேங்கி நான்கு முட்டையும் வீணாயின. இன்றைக்கும் அது மனதை அறுக்கிறது.

விதையை எடுத்து வையுங்கள், அடுத்த ஆடிக்கு ஆகும். நாங்கள் சிறுவயதில் இதே குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டுதான் கிணற்றில் நீச்சல் பழகினோம்.

இன்னொரு பதில்:
நான் டெக்சஸில் இருக்கிறேன். இங்கே பர்ப்பிள் மார்ட்டின் என்ற பறவைக்குச் சுரைக்குடுக்கை கட்டுவார்கள். சோக்டா, சிக்கசா பழங்குடிகள் தொடங்கிய வழக்கம் இது. அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் அந்தப் பறவை ஏறக்குறைய முழுவதும் மனிதர் கட்டும் கூட்டையே நம்பியிருக்கிறது. வெயில் தாங்க வெளிப்பக்கம் வெள்ளை அடிப்பார்கள், அதை நீங்களும் செய்யலாம். ஆனால் நம் சிட்டுக்குருவி இங்கே வெளியிலிருந்து வந்தது, 1850களில் நியூயார்க் பக்கம் கொண்டுவந்து விட்டார்கள். மார்ட்டின் கூட்டை அது பிடித்துக்கொள்வதால் இங்குள்ளவர்கள் துரத்துகிறார்கள். ஊரில் தேடித் தேடிப் பார்த்த குருவியை இங்கே விரட்டுவது எனக்கு இன்னும் கைவரவில்லை.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இரண்டு காய் கெட்டியாக இருக்கின்றன, ஒன்று அமுங்கிவிட்டது. எங்கே மாட்டுவது? வரவேற்பறை ஜன்னலுக்கு மேல் இடம் இருக்கிறது.

பதில்:
அந்த அறையில் மின்விசிறி இருந்தால் வேண்டவே வேண்டாம், குருவி அடிபட்டுவிடும். வெளியே தாழ்வாரத்தில், மேற்கு வெயில் படாத சுவரில், எட்டுப் பத்து அடி உயரத்தில், பூனை தாவ முடியாத இடமாகப் பாருங்கள். கட்டுக்கம்பியைக் கழுத்தில் இரண்டு துளை போட்டுக் கோத்து, ஆடாமல் கட்டுங்கள். கீழே கம்பும் நொய்யும் போடலாம், ஆனால் குஞ்சுக்குப் புழு பூச்சிதான் வேண்டும். அதனால் மாடிச் செடிக்கு மருந்தடிப்பதை நிறுத்திவிடுங்கள். உடனே வரவில்லை என்று கழற்றாதீர்கள். எங்கள் வீட்டுக் குடுக்கைக்குப் பதினோராவது மாதம்தான் ஆண்குருவி வைக்கோலோடு வந்தது.