அமெரிக்க சப்பீனா (சாட்சி சொல்ல அல்லது ஆவணம் கொடுக்கச் சொல்லும் அழைப்பாணை) தேயிலைத் தோட்ட லயத்துக்கு வந்தால் என்ன செய்வது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்

தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன்

என் அத்தை மகன் நியூயோர்க்கில் லொறி மோதி இறந்துபோனான். கல்யாணம் ஆகாதவன், மாமாவும் முன்பே காலமாகிவிட்டார், அதனால் வழக்கில் ஏதாவது கிடைத்தால் அது அத்தைக்குத்தான். அங்கே இருக்கும் ஒரு சொந்தக்காரரை வழக்காளியாக நிறுத்தி வழக்குப் போட்டார்கள். நியூயோர்க் சட்டத்தில் இப்படிப்பட்ட சாவுக்கு, பெற்ற வயிறு பற்றி எரிவதற்கென்று நட்டஈடு இல்லை. பணமாக என்ன இழந்தாய் என்பதுதான் கணக்கு. ஆக, அவன் மாதாமாதம் அனுப்பிய காசுக்கு ஆதாரம் இருந்தால்தான் வழக்கு.

ஒரு நாள் கூரியரில் தடித்த உறை ஒன்று வந்தது. எதிர்த்தரப்பு லோயர் அனுப்பிய இரண்டு சப்பீனா. ஒன்று அத்தைக்கு, மற்றது அவர் கணக்கு வைத்திருக்கும் வங்கிக் கிளைக்கு. அத்தைக்கு அதில் ஒரு எழுத்தும் தெரியாது, முத்திரையைப் பார்த்ததும் பொலிஸ் வரப்போகிறது என்றே நினைத்துவிட்டார், இரண்டு நாள் கொழுந்து பறிக்க மலைக்கே போகவில்லை. வங்கி மேனேஜரோ, இது எங்கள் நாட்டு நீதிமன்றக் கட்டளை இல்லை, இதை வைத்து வாடிக்கையாளர் கணக்கைக் காட்ட முடியாது என்றார். கோபம் வந்தது. பிறகு யோசித்தால் அவர் செய்தது சரி.

ஹட்டனில் ஒரு சட்டத்தரணியிடம் போனோம். ஐயா பார்த்துவிட்டு, "தம்பி, இது அங்கே கட்டளை, இங்கே வெறும் கடதாசி" என்றார். அங்கேயும் முழுக்கக் கட்டளை இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. லொறியைப் பழுது பார்த்த கராஜ் பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில். அதற்கே நியூயோர்க் சப்பீனா செல்லாது. கராஜ் இருக்கும் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றப் பதிவாளரிடம் அதைக் கொடுத்து, அதே விவரங்களோடு பென்சில்வேனியா சப்பீனாவாக வாங்க வேண்டும். 2007இல் எழுதிய ஒரு மாதிரிச் சட்டத்தைப் பெரும்பாலான மாநிலங்கள் எடுத்துக்கொண்டதால் இந்த வேலை இப்போது நீதிபதி வரை போகாமல் பதிவாளர் மேசையிலேயே முடிகிறதாம். சாரதி எத்தனை மணித்தியாலம் ஓட்டினார் என்ற பதிவை லொறிக் கம்பனி 6 மாதம் வைத்திருந்தால் போதும் என்பது அங்கே விதி, அதனால் நம் லோயர் முதல் வாரமே "எதையும் அழிக்காதே" என்று கடிதம் போட்டிருந்தார். அந்த மனுஷனுக்கு நாங்கள் ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

இலங்கைக்கு வேறு பாதை. வெளிநாட்டில் சாட்சியம் எடுப்பதற்கென்று நாடுகள் செய்துகொண்ட 1970ஆம் ஆண்டு ஹேக் சாட்சிய உடன்படிக்கையில் நாம் 2000இல் சேர்ந்தோம். அமெரிக்க நீதிமன்றம் கோரிக்கைக் கடிதம் எழுத, அது கொழும்பில் நீதி அமைச்சுக்கு வந்து, அங்கிருந்து நம் நீதிமன்றத்துக்கு வரும். மறுக்கிற சாட்சிக்கு அது தேவை. அத்தை எங்கே மறுத்தார்? தன் கணக்கு விவரத்தைத் தானே எழுதிக் கேட்டார், வங்கி பக்கத்துக்குப் பக்கம் முத்திரை குத்திக் கொடுத்தது. மேனேஜர் அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால் நான்கு மாதம் மிச்சமாகியிருக்கும்.

சாட்சியம் வீடியோவில், இரண்டு தரப்பும் எழுத்தில் ஒத்துக்கொண்டு நடந்தது. அங்கே காலை பத்து, இங்கே இரவு எட்டரை, வெளியே மழை. வலது கையை உயர்த்தச் சொன்னார்கள். அத்தை இரண்டு கையையும் கூப்பினார், கொழுந்துக் கறை ஏறிய விரல்கள் கெமராவில் பெரிதாகத் தெரிந்தன. சம்பளம் எவ்வளவு என்று கேட்டதற்கு, "கொழுந்து குறைஞ்சா அரைப் பேருதான் போடுவாங்க" என்றார். மொழிபெயர்ப்பாளர் நல்ல தமிழர்தான், ஆனால் தோட்டம் தெரியாதவர், பாதிப் பெயர் என்றே ஆங்கிலத்தில் சொன்னார். அரைநாள் சம்பளம் என்று யாருக்கும் புரியவில்லை. எழுதி வந்த சாட்சியத்தைப் படித்துத் திருத்த 60 நாள் தருகிறார்கள், காரணம் சொல்லித் திருத்தினோம். தயவுசெய்து அந்தப் பிரதியை வரிவரியாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பேர், செக்ரோல், கைக்காசு என்று தோட்டத்துச் சம்பளச் சொற்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே மொழிபெயர்ப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள்.

நுவரெலியாவிலிருந்து

நான் சட்டத்தரணி அலுவலகத்தில் வேலை. எங்களுக்கு வந்தது இதற்குத் தலைகீழ். இங்கே மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்கு, சாட்சி தமிழ்நாட்டில், கோத்தகிரியில். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் பாதிக் குடும்பம் கப்பலேறிய கதைதான், அக்கா அங்கே, தங்கை இங்கே. தோட்டத்தில் நடந்த ஒரு கல்யாணத்தை நேரில் பார்த்தவர் என்று உயிரோடு இருந்தது அந்த அக்கா மட்டும். இந்தியாவும் 2007இல் ஹேக்கில் சேர்ந்துவிட்டது, பாதை இருக்கிறது. ஆனால் நாங்கள் முதலில் சாதாரணத் தபாலில் ஒரு சத்தியக் கடதாசி வாங்கி அதையே நீட்டினோம், குறுக்கு விசாரணை செய்ய முடியாத கடதாசி என்று எதிர்த்தரப்பு எழும்பியது. திரும்ப முறைப்படி கேட்டு, மொழிபெயர்த்து, அனுப்பி, அது போய்ச் சேர்ந்தபோது அந்த அம்மா இல்லை. இன்றைக்கும் அந்தக் கோப்பை எடுத்தால் மனம் கனக்கிறது. வயதான சாட்சி என்றால் வழக்குப் போட்ட கையோடு ஆணைக்குழு (நீதிமன்றம் ஒருவரை நியமித்து, சாட்சியை இருக்கும் இடத்திலேயே விசாரிப்பது) கேளுங்கள், விசாரணைத் தேதி வரட்டும் என்று இருக்காதீர்கள். ஒலி, ஒளிப் பதிவைக் காட்டப் போகிறீர்கள் என்றால் 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டப்படி 45 நாள் முன்னறிவித்தல் வேண்டும், அதை மறந்து நல்ல பதிவை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

அப்புறம், குற்ற வழக்கு என்றால் இந்தப் பாதை இல்லை. 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அரசாங்கத்துக்கு அரசாங்கம்தான் கேட்க முடியும்.

பண்டாரவளை, இப்போது நியூயோர்க்

தங்கச்சியின் தாபரிப்பு (பராமரிப்புப் பணம்) வழக்கு பண்டாரவளையில். அவள் புருஷன் இங்கே நல்ல சம்பளத்தில் இருந்துகொண்டு, வேலையே இல்லை என்று சத்தியக் கடதாசி கொடுத்தான். நானும் மேலே சொன்ன பதிவாளர் வழியில் போகலாம் என்று பார்த்தேன். முடியாது, நியூயோர்க்கில் அது மற்ற அமெரிக்க மாநிலத்துக்கு மட்டும். கலிபோர்னியாவில் என்றால் வெளிநாட்டையும் சேர்த்து எழுதியிருக்கிறார்கள். எங்களுக்கு உதவியது அமெரிக்க மத்திய (பெடரல்) சட்டத்தின் 1782ஆம் பிரிவு. வெளிநாட்டு வழக்கில் சம்பந்தப்பட்டவர், ஆதாரம் வைத்திருப்பவர் இருக்கும் இடத்துப் பெடரல் நீதிமன்றத்தில் நேராகவே கேட்கலாம், கொழும்பு வழியாக வரத் தேவையில்லை. கொடுப்பதா இல்லையா என்பது நீதிபதி கையில், அதனால் ஊர் வழக்கின் இலக்கம், அடுத்த தவணை, எந்த மாதத்துச் சம்பளச் சீட்டு என்று குறிப்பாக எழுதினோம். கம்பனி தகராறு பண்ணாமல் கொடுத்தது. தங்கச்சி அடுத்த தவணைக்கு அந்தச் சீட்டுகளை பிளாஸ்டிக் உறையில் போட்டு, குழந்தையையும் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குப் போனாள்.