மாடியில் பெருகிய முயல்: குழம்பு வைக்கலாமா, கூடாதா?

பாளை மகாராசன்:
பிள்ளைகள் அடம்பிடித்ததால் ஒரு ஜோடி வெள்ளை முயல் வாங்கினோம். இரண்டும் பெட்டைதான் என்று கடைக்காரர் அடித்துச் சொன்னார். இப்போது மாடியில் ஒரு டஜனுக்கு மேல் ஓடுகிறது. கீரை வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வளர்ந்ததைக் குழம்பு வைத்துவிடலாம் என்கிறாள் அம்மா. அதைக் கேட்டதிலிருந்து என் மகள் ஆச்சியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டில் ஆடு, கோழி எல்லாம் உண்டு, முயல் மட்டும் ஆக்கியதில்லை. ஆக்கலாமா? ஆக்கினால் எப்படி?

ஆலங்குளத்தான்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது அண்ணாச்சி? கோழி என்ன, முயல் என்ன. 2 கிலோ முயலை உரித்தால் ஏறக்குறைய 1 கிலோ கறி தேறும். கொழுப்பும் கம்மி. ஆச்சி பேச்சைக் கேளுங்கள்.

சிந்துபூந்துறை மீனா:
அந்த முயல் கறிக்கென்றா வீட்டுக்கு வந்தது? பிள்ளை விளையாட வந்தது. இந்நேரம் எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருப்பாள். நானும் ஞாயிறானால் ஆட்டுக்கறி வாங்குகிறவள்தான், சைவம் பேச வரவில்லை. ஆனாலும் மடியில் வைத்துத் தடவிக் கொடுத்ததை அதே வீட்டு அடுப்பில் ஏற்றுவதற்கு மனசு வர வேண்டுமே.

ஆலங்குளத்தான்:
மீனா மைனி, சுடலைமாடனுக்கு நேர்ந்துவிட்ட கிடாவை யார் வளர்க்கிறார்கள்? வீட்டுப் பிள்ளைகள்தானே. அதுவும் பெயர் வைத்த கிடாதான், கூப்பிட்டால் ஓடி வரும். கொடை அன்றைக்கு வெட்டும்போது பிள்ளைகள் அழத்தான் செய்வார்கள், அப்புறம் பந்தியிலும் உட்காருவார்கள். நம் ஊரில் இதைப் பார்க்காமல் வளர்ந்தவர் உண்டா?

சிந்துபூந்துறை மீனா:
நல்ல உதாரணம், ஆனால் எனக்குத்தான் சாதகம். கிடாக்குட்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே "இது சாமிக்கு" என்று பிள்ளைக்குச் சொல்லிவிடுவார்கள். தெரிந்தே வளர்க்கிறான், தெரிந்தே அழுகிறான். இங்கே விளையாட வாங்கிக் கொடுத்துவிட்டு, கீரைக் காசு கையைக் கடித்ததும் கறி என்கிறீர்கள். பாதியில் பேச்சை மாற்றினால் பிள்ளை எப்படி ஒத்துக்கொள்வாள்?

கரிசல் வேட்டை:
கூண்டு முயலெல்லாம் ஒரு முயலா? பிராய்லர் கோழி மாதிரி வெளுத்துப்போய் இருக்கும். சங்கரன்கோவில் பக்கம் எங்கள் தாத்தா கன்னி இன வேட்டை நாயை விட்டுப் பிடித்த காட்டு முயல் கறி நல்ல கருஞ்சிவப்பு. மிளகும் உப்பும் போதும். வேண்டுமென்றால் சொல்லுங்கள், நம் பையன்கள் இருக்கிறார்கள்.

ராமையன்பட்டி மாட்டு டாக்டர்:
கரிசல், தாத்தா கதையோடு நிறுத்திக்கொள்ளும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டு முயல் வேட்டை குற்றம். வலை வைத்தாலும் சரி, நாயை விட்டாலும் சரி, வழக்குதான். ஸ்டேட்டஸில் படம் போட்டு மாட்டுகிறவர்களும் உண்டு.

கூண்டு முயல் வேறு விலங்கு. ஐரோப்பிய முயலிலிருந்து வளர்ப்புக்கு வந்தது. அதன் குட்டி மயிரில்லாமல், கண் மூடிப் பிறக்கும். காட்டு முயல் குட்டியோ மயிரோடு, கண் திறந்து பிறக்கும். இரண்டும் கலந்து குட்டி போடாது. கறிக்கென்றே நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா போன்ற இனங்களை வளர்க்கிறார்கள். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமே இருக்கிறது. ஆகவே அண்ணாச்சி வீட்டு முயலை ஆக்குவதில் சட்டச் சிக்கல் இல்லை.

ஆனால் சட்டிக்குப் போகுமுன் ஒரு கேள்வி. காதிலோ மூக்கிலோ சொறி வந்து ஊசி போட்டீர்களா? முயலுக்குச் சொறி சாதாரணமாக வரும், அதற்குப் போடும் மருந்து கொஞ்ச நாள் உடம்பில் தங்கும். ஊசி போட்ட மருத்துவரிடம் எத்தனை நாள் கழித்துச் சாப்பிடலாம் என்று கேட்காமல் கத்தியை எடுக்காதீர்கள். அறுத்தபின் ஈரலைப் பாருங்கள். வெள்ளை வெள்ளையாகப் புள்ளியோ கட்டியோ இருந்தால் பெரும்பாலும் முயலுக்கு ரத்தக்கழிச்சல் வகை நோய் இருந்திருக்கும். அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது என்றாலும் அந்த ஈரலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

அம்பை அடுப்படி:
டாக்டர் சொன்னது போதும், இனி சமையல். முயலில் கொழுப்பு ரொம்பக் கம்மி. அதனால் பெரிய தீயில் வறுத்தால் நார் நாராகப் போய்விடும். அறுத்தால் உடனே சட்டியில் ஏற்றுங்கள், இல்லையென்றால் ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் செய்யுங்கள். நடுவில் கறி விறைத்திருக்கும் நேரத்தில் ஆக்கிவிட்டு ரப்பர் மாதிரி இருக்கிறது என்று குறை சொல்கிறவர்கள்தான் அதிகம். மேலே மெல்லிய சவ்வு இருக்கும், அதை உரித்துவிட வேண்டும். ஒட்டியிருக்கும் மயிரையும் பார்த்து எடுக்க வேண்டும்.

மண்சட்டியில் நல்லெண்ணெய் தாராளமாக ஊற்றி, சின்ன உள்ளி, பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, மஞ்சள் தடவிய கறியைப் போட்டு மூடிவிடுங்கள். கறி விடும் தண்ணீரிலேயே முக்கால் வேக்காடு ஆகும். வறுத்துப் பொடித்த மிளகு, சீரகம், மல்லி கடைசியில். பின்னங்கால் வறுவலுக்கு, எலும்பு மிகுந்த முன்பகுதி குழம்புக்கு. வயசான முயலென்றால் குக்கரில் ஏற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. எலும்பு மெலிசு, சிலாம்பு மாதிரி உடையும். சின்னப் பிள்ளைகளுக்கு எடுத்துக் கொடுங்கள்.

மேலப்பாளையம் ராத்தா:
நல்லெண்ணெயும் மிளகும் சரி தம்பி, தேங்காய் எங்கே? கொழுப்பில்லாத கறிக்குத் தேங்காய் அரைத்து ஊற்றினால்தானே வாய்க்கு வழவழப்பாக இறங்கும்? கசகசா கொஞ்சம் சேர்த்து மை போல அரைத்து ஊற்றி, இடியாப்பத்தோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

அம்பை அடுப்படி:
தேங்காய் ஊற்றினால் அது தேங்காய்க் குழம்பு ராத்தா. முயல் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

மேலப்பாளையம் ராத்தா:
தான் பிடித்த முயலுக்கு மூணே கால் என்று நிற்கிறீர்கள்.

ஆலங்குளத்தான்:
மூணோ நாலோ, பின்னங்கால் ஒன்று எனக்கு வேண்டும். அது கிடக்கட்டும், முயல் ரத்தத் தைலம் தேய்த்தால் முடி வளரும் என்கிறார்களே டாக்டர்?

ராமையன்பட்டி மாட்டு டாக்டர்:
வளர்வது அந்தத் தைலம் விற்கிறவர் வீடுதான். மகாராசன் அண்ணாச்சி, முதலில் ஆண், பெண்ணைத் தனித்தனிக் கூண்டில் போடுங்கள். சினைக்காலம் ஒரு மாதம்தான், குட்டி போட்ட கையோடு மறுபடி சினை பிடிக்கும். நீங்கள் குழம்பு வைக்கிற வேகத்துக்கு அவை நிற்காது. மாடி தகரக் கூரையா? சித்திரை வெயிலில் முயல் சுருண்டு செத்துவிடும், நிழலுக்கு மாற்றுங்கள்.

பாளை மகாராசன்:
எல்லோருக்கும் நன்றி. மகளிடம் உட்கார்ந்து பேசினேன். அவள் பெயர் வைத்தவற்றை யாரும் தொடக் கூடாதாம். மீதியை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்கிறாள். அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

சிந்துபூந்துறை மீனா:
கொடுக்கிற வீட்டில் மட்டும் பூஜை அறையிலா வைப்பார்கள்? இதையும் பிள்ளையிடம் உள்ளபடி சொல்லிவிடுங்கள். தெரிந்துகொண்டு கொடுக்கட்டும்.

ஆலங்குளத்தான்:
அண்ணாச்சி, சனிக்கிழமை பாளை வருகிறேன். பெயர் வைக்காதது இரண்டு எடுத்து வையுங்கள்.

பாளை மகாராசன்:
மகள் இதைப் படித்துவிட்டாள் தம்பி. இப்போது மாடியில் உட்கார்ந்து மிச்சமிருப்பதற்கும் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாள்.