எஸ்சிட்டலோபிராம் ஆரம்பித்து 6 நாள், குமட்டலும் கொட்டாவியும்: நிறுத்திவிடலாமா?

கொளத்தூர்வாசி:

வணக்கம் நண்பர்களே. வயது 36, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை, தினமும் ஸ்கூட்டரில் போய் வருகிறேன். நாலைந்து மாதமாகத் தூக்கம் சரியில்லை, எதிலும் பிடிப்பில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டன் குழம்பு கொதிக்கிற வாசனை வந்தால்கூட கட்டிலை விட்டு எழத் தோன்றாத நிலைமை. மனைவிதான் இழுத்துக்கொண்டு போய் மனநல மருத்துவரிடம் காட்டினாள். மனச்சோர்வுக்கான மாத்திரை எஸ்சிட்டலோபிராம் கொடுத்தார், முதல் வாரம் 5 மில்லிகிராம், அப்புறம் 10. கூடவே இரவில் தூக்கத்துக்கு குளோனசெபாம் 0.25, அது இரண்டு வாரத்துக்கு மட்டும்.

காலையில் வெறும் வயிற்றில் மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் குமட்டல், இட்லி தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. கொட்டாவி வேறு. தூக்கம் வந்து விடுகிற கொட்டாவி இல்லை, சும்மா வருகிறது. நேற்று மீட்டிங்கில் மேனேஜர் பேசி முடிப்பதற்குள் பதினேழு, பக்கத்துச் சீட்காரன் எண்ணியே சொன்னான். உள்ளுக்குள் படபடப்பு முன்னைவிட அதிகம். அம்மாவுக்கு விஷயம் தெரிந்ததும் கேட்ட முதல் கேள்வி "கீழ்ப்பாக்கமா?" என்பதுதான். "இப்பவே நிறுத்துடா, இல்லேன்னா காலம் முழுக்க விட முடியாது" என்று ஒரே புலம்பல். டாக்டரை மறுபடி பார்க்க இன்னும் 3 வாரம் இருக்கிறது. நிறுத்திவிடலாமா? இன்னொன்று, முதுகுவலிக்கு அவ்வப்போது கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுவேன், அது பரவாயில்லையா?

பெரம்பூர் பாலத்தடி:

ப்ரோ, இதே மாத்திரையை இரண்டு வருஷம் சாப்பிட்டவன் நான். நீங்கள் சொல்வது அத்தனையும் எனக்கும் வந்தது, கொட்டாவி உட்பட. பெரும்பாலானவர்களுக்கு இந்தக் குமட்டல் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கிவிடும். இந்த மாத்திரை செரோட்டோனின் என்கிற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. அது மூளைச் சமாச்சாரம் என்றுதான் நினைக்கிறோம், உடம்பில் இருப்பதில் பெரும்பகுதி குடலில்தான் இருக்கிறதாம், அதனால்தான் வயிறு முதலில் கத்துகிறது என்று என் டாக்டர் சொன்னார். வெறும் வயிற்றில் போடாதீர்கள், சாப்பிட்ட பிறகு போடுங்கள். கொடுமை என்னவென்றால் கெட்டது முதல் நாளே வந்துவிடும், நல்லது வர 2 முதல் 4 வாரம் ஆகும், சிலருக்கு 6 வாரம்கூட. இந்த இடைவெளியில்தான் பாதிப் பேர் "நமக்கு ஒத்துக்கலை" என்று விட்டுவிடுகிறோம்.

நிறுத்துவது பற்றி என் கதை. ஒரு பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பினேன். கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மாத்திரை அட்டை வீட்டு ஃபிரிட்ஜ் மேலேயே இருப்பது ஞாபகம் வந்தது. நாலு நாள்தானே, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டேன். மூன்றாம் நாள் மாட்டுப் பொங்கலன்று கண்ணை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பினாலே மண்டைக்குள் "ஜிர்"ரென்று சின்னதாகக் கரண்ட் அடித்த மாதிரி இருந்தது. தலைசுற்றல், காரணமில்லாத எரிச்சல், சித்தப்பாவிடம் கரும்புக்காகச் சண்டை போட்டேன் என்றால் பாருங்கள். அது நோய் திரும்பி வந்ததும் இல்லை, அடிமையானதும் இல்லை. உடம்பு பழகிய ஒன்றைச் சட்டென்று பிடுங்கினால் அப்படித்தான் செய்யும். பிறகு குணமாகி நிறுத்தும்போது டாக்டர் சொன்னபடி 10-ல் இருந்து 5, அப்புறம் அதிலும் பாதி என்று ரெண்டு மாதத்தில் இறக்கினோம், ஒன்றும் தெரியவில்லை.

யாரும் வாயைத் திறந்து சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தாம்பத்திய விஷயத்தில் ஆர்வம் குறையலாம், நேரம் இழுக்கலாம். எனக்கு இருந்தது. வெட்கப்பட்டு ஆறு மாதம் மறைத்தேன், சொன்ன அன்றைக்கே டாக்டர் அதற்கு வழி பார்த்தார். உங்களுக்கு வந்தால் ஆறு மாதம் காக்காதீர்கள்.

மருந்துக்கடை மாமா:

மேற்கு மாம்பலத்தில் 14 வருஷமாக மருந்துக்கடை கவுண்டரில் நிற்கிறேன், பார்மசிஸ்ட். தம்பி, உங்கள் கேள்வியிலேயே முக்கியமானது கடைசி வரிதான், அதைப் போகிற போக்கில் கேட்டிருக்கிறீர்கள்.

ரத்தம் உறையத் தட்டணுக்களுக்கு செரோட்டோனின் வேண்டும். இந்த மாத்திரை அதைத் தட்டணுக்குள் போகவிடாமல் குறைக்கிறது. டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் எல்லாம் வயிற்றுச் சுவரைப் புண்ணாக்கும் சாதி. இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும் வாய்ப்பு கூடுகிறது. மலம் தார் மாதிரி கறுப்பாகப் போனால் தள்ளிப்போடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சாதாரண வலிக்குப் பாராசிட்டமால் போதும். (ஏற்கெனவே இதயத்துக்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்தித் தொலைக்காதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.)

அதைவிட மோசம் டிரமடால். "பலமான வலி மாத்திரை கொடுங்கண்ணா" என்று கேட்டு வருபவர்கள் பலருக்கு அதில் டிரமடால் இருப்பதே தெரியாது. வறட்டு இருமல் சிரப்பில் வரும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபானும் இந்த மாத்திரையோடு ஆகாது. இவை சேர்ந்தால் செரோட்டோனின் எல்லை மீறலாம்: கை நடுக்கம், காய்ச்சல், கொட்டுகிற வியர்வை, வயிற்றுப்போக்கு, தசை தானாகத் துடிப்பது, பேச்சு குழம்புவது. அபூர்வம்தான், வந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான். மைக்ரேனுக்கு டிரிப்டான் சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மொத்தத்தில் எந்தக் கடையில் எதை வாங்கினாலும், பல் டாக்டரிடம் போனால்கூட, "எஸ்சிட்டலோபிராம் சாப்பிடுகிறேன்" என்று சொல்லிவிடுங்கள். கூட்டத்தில் சொல்ல வெட்கமாக இருந்தால் அட்டையைக் காட்டுங்கள், நாங்கள் வாயைத் திறக்க மாட்டோம்.

அம்மா பயப்படுவதில் பாதி நியாயம் இருக்கிறது, மாத்திரைதான் மாறிப்போயிற்று. விடமுடியாமல் பழகிப்போகும் குணம் அந்தச் சின்ன குளோனசெபாமுக்கு உண்டு, அதனால்தான் இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறார். நன்றாகத் தூக்கம் வருகிறதே என்று பழைய சீட்டைக் காட்டி மறுபடி வாங்காதீர்கள். அதோடு மதுவும் கூடவே கூடாது. காலையில் மந்தமாக இருந்தால் பாடி மேம்பாலத்தில் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம், பஸ்ஸில் போங்கள்.

அஸ்வகந்தா அன்பர்:

எல்லாம் மருந்து கம்பெனி வியாபாரம். தினமும் பாலில் அஸ்வகந்தா, காலையில் அரை மணி நேரம் மெரினாவில் நடை. மாத்திரையைத் தூக்கிக் குப்பையில் போடுங்கள்.

பெரம்பூர் பாலத்தடி:

நடையை ஒப்புக்கொள்கிறேன். கட்டிலை விட்டே எழ முடியாதவரை மெரினாவுக்குப் போகச் சொல்கிறீர்களே சார்.

ஆதம்பாக்கம் மகள்:

இளவயதுக்காரர்கள் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள், பெரியவர்களுக்கு வருகிற ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவுக்கு 68 வயது, போன மே மாதம் இதே மாத்திரை ஆரம்பித்தார்கள். மூன்றாம் வாரம், ஒரு காலையில் தண்ணீர் மோட்டார் போடப் போனவர் திரும்பி வரவில்லை. போய்ப் பார்த்தால் பூஜை அறையில் நின்றுகொண்டு சாமி படத்துக்குப் பின்னால் சுவிட்ச் தேடுகிறார். கத்திரி வெயில், தள்ளாமை என்று நாங்கள் மோர் கொடுத்துப் படுக்க வைத்தோம். சாயந்திரம் பாத்ரூமில் விழுந்த பிறகுதான் ஓடினோம். ரத்தத்தில் சோடியம் (உப்புச் சத்து) 122. 135-க்கு மேல் இருக்க வேண்டியது. இந்த மாத்திரை வயதானவர்களுக்குச் சோடியத்தைக் குறைக்கக்கூடுமாம், அப்பா சாப்பிட்ட பிரஷர் மாத்திரையிலும் நீர் பிரிக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருந்தது, இரண்டும் சேர்ந்து இழுத்துவிட்டது. எழுதிக்கொடுத்தவர் பிரஷருக்கு என்ன சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. மருந்தை மாற்றினார்கள், இப்போது நன்றாக இருக்கிறார். வீட்டுப் பெரியவருக்கு இந்த மாத்திரை என்றால், சோடியம் எப்போது பார்க்க வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். இதயத்துடிப்பு சம்பந்தமாகவும் ஒரு எச்சரிக்கை உண்டு, அதனால் வயதானவர்களுக்கு 10-க்கு மேல் பொதுவாகப் போக மாட்டார்கள்.

மருந்துக்கடை மாமா:

நல்ல வேளை எழுதினீர்கள் அம்மா. இளவயதைப் பற்றியும் ஒன்று விட்டுப்போயிற்று. 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் சிலருக்கு ஆரம்ப வாரங்களிலும் டோஸ் மாற்றும்போதும் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்காவில் 2004 முதலே கட்டம் கட்டி எச்சரிக்கை போடுகிறார்கள், முதலில் சிறுவர்களுக்கு, பிறகு 24 வயதுவரை. எந்த வயதானாலும் அந்த மாதிரி எண்ணம் வந்தால், இல்லை தூக்கமே வேண்டாம் என்று தலைகால் புரியாத உற்சாகம் வந்தால், அடுத்த தேதிவரை காக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பிடிக்க வேண்டும். நடுராத்திரி என்றால் 14416, டெலிமானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். கீழ்ப்பாக்கம் என்றால் சிரிக்கிறோம், 1794-ல் இருந்து இருக்கிற அரசு மருத்துவமனை அது, புறநோயாளி பிரிவில் காட்ட காசு வேண்டாம்.

கொளத்தூர்வாசி:

எல்லோருக்கும் நன்றி. தாமதத்துக்கு மன்னிக்கவும், இன்று 13-வது நாள். உங்கள் பதில்களைப் படித்துவிட்டுக் கிளினிக்குக்கு போன் போட்டேன். 3 வாரம் காக்க வேண்டும் என்று நானாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், மறுநாளே டாக்டர் பேசினார். டிபனுக்குப் பிறகு போடச் சொன்னார், 10-க்கு ஏற்றுவதை ஒரு வாரம் தள்ளிப்போட்டார், டைக்ளோஃபெனாக் என்றதும் கொஞ்சம் திட்டினார். நிறுத்த வேண்டாம் என்றார், சரியான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டுமாம்.

அம்மாவிடம் மருந்துக்கடை மாமா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் காலையில் இட்லித் தட்டுக்குப் பக்கத்தில் மாத்திரையும் வந்து உட்கார்ந்திருக்கிறது. குமட்டல் பாதியாகிவிட்டது. மனசு இன்னும் அப்படியேதான் இருக்கிறது, பார்ப்போம். இன்றைய மீட்டிங்கில் ஆறு கொட்டாவி.